அர்ச்சுனனின் இரண்டாம் சரணம்

அலோ… அலோ… இரு, இரு. வலது தோள் தூக்க மாட்டேங்குது. போனை இந்தக் கைக்கு மாத்திக்கறேன்… ம். இப்ப சொல்லு. யாரு…

யாரு, பிரியதர்ஷினியா? நம்ம அர்ச்சுனன் தங்கச்சியா? நம்பர் புதுசா இருக்குதேன்னு பார்த்தேன்… ஓ, சவுண்டு போடற தம்பியோட போனா. உன்னுது?… சரி, சார்ஜ் ஏறட்டும், ஏறட்டும்.

ஆமா, சீலன் அண்ணன்தான். வேற யாருக்கு இப்படி கரகரன்னு குரல் இருக்கும்… தூங்கலம்மா. விடியக்காலை மூணு மணிக்குப் பாத்தியில இறங்கினது. உப்பு வாரி முடிச்சுக் கரை ஏறினா, லாரி வந்து நிக்குது. நூத்தி நாப்பது மூட்டை, நாலே பேரு. இப்பதான் மோட்டார் கொட்டகையில வந்து குந்தினேன். சோத்துத் தூக்கை இன்னும் திறக்கல… தெரியுது, மணி நாலாவுது. கை மேல போனாத்தானே மூடியைத் திறக்கறது.

என்னை விடு. நீ எங்க இருக்கே… பாண்டியிலயா. ஆமா, இன்னிக்குத்தானே உன் ஷோ. கடற்கரை மேடை. ஆறரைக்கா… போஸ்டர் பார்த்தேன், பார்த்தேன். உன் பேரை மூணாவதா, எறும்பு மாதிரி போட்டிருந்தான்… பேரு எறும்பா இருந்தா என்னா. மைக்கு எல்லாருக்கும் ஒரே சைஸ்தான்.

சவுண்டு செக் முடிஞ்சுதா… ம்… ம்… மானிட்டர் சரியா கேக்கலியா. கேக்காது. கடற்கரையில காத்து அடிச்சா பாதி சத்தம் கடலுக்குப் போயிடும். உன் குரலைக் கொஞ்சம் முன்னால வைக்கச் சொல்லு, கிட்டாரைக் குறைக்கச் சொல்லு. எந்தக் கிட்டாரு, அந்தக் கறுப்பா… புதுக் கம்பி போட்டியா… கனம் பதினொண்ணா, பன்னெண்டா… பதினொண்ணு போதும். உன் விரலுக்குப் பன்னெண்டு அதிகம்.

எங்க விரலைப் பத்திச் சொல்றியா. எங்களுக்கெல்லாம் உப்பே தோலைத் தடிக்க வெச்சு அனுப்பிடும். ஆனா ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அமுக்கிப் பார் கார்டு பிடிச்சா வெடிப்பு பிளந்துக்கும். உங்க அண்ணன் எஃப் கார்டு பிடிக்கறப்ப மூஞ்சியைப் பார்க்கணும், பல்லு பிடுங்கறவன்கிட்ட வாயைத் திறந்தவன் மாதிரி… ஆமா, ஆமா, அந்தத் தேங்காய் எண்ணெய்க் கதை. கம்பி துருப் பிடிக்குதுன்னு எண்ணெய் தடவிட்டு பக்கத்து ஊரு பிரம்மதேசத்துல கல்யாணக் கச்சேரிக்கு வந்துட்டான். முதல் பாட்டுலயே கை வழுக்கிட்டுப் போவுது. ஸ்டேஜ் முழுக்க பந்தியில அப்பளம் பொரிக்கற வாசனை. மாப்பிள்ளை வீட்டுக்காரன் சோறு போட்டாச்சான்னு எழுந்துட்டான்.

சிரி, சிரி. அவனைப் பத்திச் சிரிக்கறதுக்கு இப்ப நீயும் நானும்தான் இருக்கோம்.

… அவன் கிட்டாரா. இங்கதான் இருக்குது. கொட்டகைச் சுவத்துல மாட்டியிருக்கேன்… இல்ல, யாரும் வாசிக்கறதில்ல. கம்பி மட்டும் மாத்திட்டே இருப்பேன், மூணு வாரத்துக்கு ஒரு தடவை. மாத்தலன்னா செவசெவன்னு ஆயிடும்… வீண் செலவுதான். ஆனா கம்பி இல்லாம அதைப் பார்க்க முடியல.

ஒண்ணு சொல்லவா. சிரிக்கக் கூடாது. மோட்டார் ஓடறப்ப அது முனகும்… பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மோட்டார் போடற சத்தமும் தடிக் கம்பியோட சுருதியும் ஒண்ணா இருக்குது போல, அது பாட்டுக்கு அதிருது. காரணமெல்லாம் தெரியும். தெரிஞ்சும் சுவிட்சைப் போட்டுட்டு வெளியில ஓடி வந்துடுவேன். உப்புத் தண்ணி ஏறி முடியற வரைக்கும் வரப்புலயே நிப்பேன்… மத்தவங்க என்னா சொல்றாங்களா. வெயில்ல நிக்கறதுக்கு ஆசைப்படற ஒரே உப்பளக்காரன்னு சொல்றானுங்க.

இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல… சென்னையிலயா? எப்ப… ஓ, போன ஜனவரி. அந்தத் தொப்பிக்காரன் ஷோ. அன்னிக்குப் பாதியில போனேன், நெசம்தான். டிக்கெட்டு நீ எடுத்துக் குடுத்தே, அதுவும் எனக்கு உறுத்தல்தான்… பாட்டு பிடிக்காமலா? அந்தப் பையன் எழுதற மாதிரி இன்னிக்கு யாரு எழுதறா. சொந்த வார்த்தை, சொந்த ட்யூனு, நாலே கார்டு. கூட்டம் மொத்தமும் கூடப் பாடுது. பக்கத்துல ஒரு பொண்ணு தேம்பித் தேம்பி அழுவுது. உங்க அண்ணன் இருந்திருந்தா இங்க நிக்க வேண்டியவன்னு நினைச்சிட்டே இருந்தேன்.

அப்புறம் அவன் ஷூவைக் கழட்டிட்டான்… அந்தத் தொப்பிக்காரன்தான். கடைசிக்கு முந்தின பாட்டுக்கு வெறுங்காலோட மைக்குக்கிட்ட வந்தான். லேசாத் தூறல் வேற. ஆளுங்களைத் தள்ளிட்டு மேடைக்குப் பின்னால ஓடிட்டேன். ஜெனரேட்டர் எங்க, எர்த்து எங்கன்னு கேட்டுட்டு இருந்தேன். ரெண்டு பேரு கையைப் பிடிச்சு கேட்டுக்கு வெளியில கொண்டாந்து விட்டானுங்க. குடிச்சிருக்கேன்னு நினைச்சிட்டானுங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றது. தலைவலின்னேன்.

… தெரியும், ஊர்ல என்னை 'எர்த்து'ன்னுதான் கூப்பிடறாங்க. பெருமுக்கல் மலைத் திருவிழா, கட்சி மீட்டிங்கு, காதுகுத்து, எங்க மைக்கு கட்டினாலும் முதல்ல போய் தரையில அடிச்ச எர்த்து கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பேன். பிடுங்கிப் பார்த்துட்டுத் திரும்ப அடிச்சிட்டு வந்துடுவேன். நான் வர்றதைப் பார்த்தாலே சவுண்டு சர்வீஸ்காரன் சுத்தியலைக் கையில குடுத்துடறான்.

சரி, இதெல்லாம் பேசவா போன் போட்டே. என்னா விஷயம்…

…

ம்.

…

இன்னிக்கா. அவன் பாட்டையா.

… இல்ல, சந்தோஷம்தான். யாரு வேணாம்னு சொன்னது. நீ பாடாம யாரு பாடறது… பல்லவி உனக்குத் தெரியும். முதல் சரணம் அவன் நோட்டுல இருக்குது… ஆமா, ரெண்டாவது அவன் எழுதி வைக்கல.

யாரு சொன்னது எனக்குத் தெரியும்னு… லூர்துமேரி அக்காவா. அது மாதா கோயில் திருவிழாவுல பூக்கடை போட்டிருந்துச்சே, அதுவா… என்னா சொல்லுச்சு… மேடைக்குப் பின்னால நாங்க ரெண்டு பேரும் நின்னதைப் பார்த்துச்சாமா. அவன் தொடையைத் தட்டித் தட்டிப் பாடிக் காட்டினான்னு சொல்லுச்சா.

…

மறந்துட்டேன், பிரியா. ஆறு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு தடவை கேட்டது… ஒரு வரி கூட இல்ல… வேணும்னா பல்லவியையே ரெண்டு தடவை பாடேன். இல்லன்னா அந்த இடத்துல சும்மா ஹம்மிங் விடு. ஜனங்க கை தட்டுவாங்க…

கோவப்படாத. நீ கேக்கறது தப்புன்னு சொல்லல.

… சரி, சரி, இரு. யோசிச்சுப் பார்க்கறேன். அதுக்கு முன்னால எனக்கு ஒரு வேலை செய். இப்பவே செய். அங்க ஜெனரேட்டர்தானே… மேடைக்குப் பின்னால இருக்குதா. போனைக் கட் பண்ணாம அங்க நடந்து போ. பச்சை ஒயரு ஒண்ணு தரைக்கு இறங்கும், அதைப் பிடிச்சிட்டே போ, கம்பி தெரியும்… பைத்தியம்னே வெச்சுக்க. கம்பியைப் பார்த்துட்டு வா, வரி வருதா பார்ப்போம்… ஆமா, லஞ்சம்தான். நட.

…

ட்ரம்ஸ் சத்தம் கேக்குது. யாரோ ஸ்நேரை டைட் பண்றான்… ம்… பார்த்துட்டியா. மணல்லயா அடிச்சிருக்கு… ஆடாம உறுதியா இருக்குதா. உறுதியா இருக்கறது கணக்கே இல்ல. பிடுங்கச் சொல்லு… அந்தத் தம்பிகிட்ட குடு போனை… சிரிக்கறானா. சிரிக்கட்டும். சரி, நீயே சொல்லு. எங்க அண்ணன் ஒருத்தன் மரக்காணத்துல உப்பளத்துல இருக்கான், உப்பு மண்ணுல கம்பி எப்படிச் சாகும்னு அவனுக்குத் தெரியும்னு சொல்லு. மேல பார்த்தா நேத்து வாங்கின மாதிரி இருக்கும். கீழ கரும்புச் சக்கை. ஒரு மழைக்காலம் போதும். எங்க மோட்டாருக்கெல்லாம் ஆட்டிப் பார்க்கற வேலையே கிடையாது, பிடுங்கிப் பார்க்கறதுதான். ஜெனரேட்டரை ஆஃப் பண்ணிட்டுப் பிடுங்கச் சொல்லு.

…

வருதா.

…

முழுசா வந்துச்சா… நுனி வரைக்கும்? எவ்வளவு நீளம்… உன் இடுப்பு வரைக்கும். நுனி கூரா இருக்குதா, உதிருதா… கூரா இருக்குது. செம்பு பூசினது. சரி… சரி. அந்தத் தம்பி நல்ல வேலைக்காரன்தான். நான் சொன்னேன்னு சொல்லு. திரும்ப அடிக்கச் சொல்லு, கிளாம்ப்பை நல்லா முறுக்கச் சொல்லு. அடிச்சுட்டுச் சுத்தி ஒரு குடம் தண்ணி ஊத்தணும். தண்ணி ஊத்தினாத்தான் மண்ணு கரண்டைப் பிடிச்சு இழுத்துக்கும்.

என்னாது… யாரு, அம்மாவா?

அம்மா வந்திருக்காங்களா. அங்கயா… மேடை பக்கத்துலயே காலு வைக்க மாட்டாங்களே. போன வருஷம் உன் காலேஜ் ஷோவுக்குக் கூட வாசல்லயே உக்காந்துட்டு இருந்தாங்களே… சாலம்மாள் அத்தை கூட்டிட்டு வந்துச்சா. எங்க இருக்காங்க… படிக்கட்டு கிட்ட, ப்ளாஸ்டிக் சேர்ல. ம்.

கையில என்னா… துண்டா. எதுக்குத் துண்டு…

…

நீ ஏறறதுக்கு முன்னால உன் காலைத் துடைக்கறதுக்கா.

…

… இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

… சொல்லு… ம்… ம்… குடத்தைத் தூக்கிட்டு வர்றவனைப் பார்த்துட்டு எழுந்து நின்னுட்டாங்களா. இங்க எதுக்குத் தண்ணி, பொண்ணு ஏறப் போவுதுன்னு சத்தம் போடறாங்களா… பிரியா, அவங்களைத் திட்டாத. எல்லாரும் பார்க்கறாங்கன்னு நீ வெக்கப்படாத. அவங்களைத் திட்டாத.

… தெரியும். வீட்டுல யாரு காலுக்கும் தண்ணி ஊத்த மாட்டாங்க. அந்தப் பித்தளைச் சொம்பு பரண்ல கிடக்குது. எனக்குத் தெரியாதா. திருவிழா அன்னிக்கு வருஷா வருஷம் உங்க வீட்டுல சாப்பிடறவன் நான். மாதா கோயில் தேர் போயிட்டு இருக்கும், உங்க அம்மா எனக்குக் குழம்பு ஊத்திட்டு இருப்பாங்க. ரெண்டாவது வருஷமோ மூணாவது வருஷமோ… சாப்பிட்டுட்டே இருக்கேன், என் கையைப் பிடிச்சாங்க. சோத்துக் கை. "சீலா, என்னை மன்னிச்சிடுடா. உன் சிநேகிதனை ஒரு சொம்புத் தண்ணியில கொன்னுட்டேன்"னாங்க.

நான் என்னா சொன்னேன்னு கேக்கறியா. "அப்படியெல்லாம் இல்லம்மா"ன்னேன். அப்புறம் மிச்சச் சோத்தைச் சாப்பிட்டேன். ரசம் கூட வாங்கினேன்.

… ஆறுதல் இல்ல, பிரியா. அது ஆறுதல் இல்ல. அந்தப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா. கொஞ்சம் தள்ளி வா. கடல் பக்கம் போ… வந்துட்டியா.

நான் மறக்கல. அந்தச் சரணம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. தினம் ஞாபகம் இருக்குது. சொல்றேன். ஆனா அது தனியா வராது. அதைச் சொன்னா அது கூட இருக்கற இன்னொண்ணையும் சொல்லணும். அதனாலதான் ஆறு வருஷமா மறந்துட்டேன், மறந்துட்டேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

அன்னிக்கு மேடை எங்க போட்டிருந்தோம்… ஆமா, கோயிலுக்குப் பின்னால, உப்பு வரப்பை ஒட்டி. லைட்டு, மைக்கு, எர்த்து எல்லாம் என் பொறுப்பு. சவுண்டு சர்வீஸ்ல அப்ப நான்தானே கையாள். முந்தின வருஷத் திருவிழாவுக்கு அடிச்ச எர்த்து கம்பி அங்கயே நின்னுட்டு இருந்துச்சு. ஒரு மழைக்காலம் போயிருக்கு அதுக்கு நடுவுல. பிடுங்கிப் பார்க்கணும்னு எனக்குத் தெரியும். பத்து வயசுல இருந்து தெரியும். பிடுங்கறதுக்குத்தான் போனேன்.

கை வெச்சுட்டேன், பிரியா. ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுட்டேன். அப்பதான் அவன் வந்தான். வீட்டுல இருந்து ஓட்டமா வர்றான், செருப்பு கூட இல்ல, காலெல்லாம் சொட்டச் சொட்ட. "டேய் சீலா, விட்டுட்டு வாடா. ரெண்டாவது சரணம் வந்துடுச்சுடா"ன்னான்.

… ஆமா.

ஆமா, விட்டுட்டுப் போனேன். நாலு மாசமா அந்தச் சரணம் வரலன்னு அவன் சோறு இறங்காம இருந்தான், உனக்கே தெரியும். நானும் ரசிகன்தானே, பிரியா. அவன் எழுதறதை முதல்ல கேக்கற ஆளு நான்தான்னு எனக்கு ஒரு திமிரு. கம்பி எங்க போவப் போவுதுன்னு நினைச்சேன். போய் நின்னேன். அவன் தொடையில தாளம் போட்டான், நாம பாத்தி மிதிக்கற அந்தத் தாளம், ரெண்டு குட்டையா ஒண்ணு நீட்டமா. பாடிக் காட்டினான். இன்னொரு தடவைன்னேன். இன்னொரு தடவை பாடினான். அதுக்குள்ள ஃபாதர் கூப்பிட்டாரு, நேரமாச்சுன்னு. அவன் படியேறிட்டான்.

நான் கம்பிகிட்ட திரும்பிப் போவல.

…

அந்தக் கிட்டார் ஆம்ப்ல எப்பவுமே கரண்டு லீக்கேஜ் உண்டு. கிட்டார் கம்பியைத் தொட்டா லேசா சுருக்குன்னு இருக்கும். எர்த்து இருந்தா அது இழுத்துக்கும். எல்லாக் கச்சேரியிலயும் அப்படித்தான் ஓட்டிட்டு இருந்தோம். அன்னிக்கு இழுக்கறதுக்கு ஒண்ணுமில்ல, கரண்டு அவன் வழியா இறங்கிடுச்சு. கிட்டார்ல கை, மைக்குல வாய்… நீ பார்த்தேதானே. நீ முன்னால உக்காந்திருந்தே.

மறுநாள் எல்லாரும் சுடுகாட்டுல இருந்து திரும்பினப்புறம் நான் அங்க போனேன். கம்பியைப் பிடிச்சேன். இழுக்கவே இல்ல, பிரியா. கையோட வந்துடுச்சு. ஒரு முழம். அதுக்குக் கீழ செம்மண்ணு மாதிரி துரு. மீதியை உப்பு தின்னுடுச்சு. நான் அதைச் சட்டைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போய் கால்வாயில போட்டேன்.

விசாரிக்க வந்தவரு எர்த்து இருந்துச்சான்னு கேட்டாரு. இருந்துச்சு சார்னு சொன்னேன். அப்ப ஈரக்காலோட ஏறினதுதான்னு எழுதிட்டாரு. ஊரு அதைப் பிடிச்சுக்கிச்சு. ஞானாம்பாள்தான் தண்ணி ஊத்தினா, ஞானாம்பாள்தான் தண்ணி ஊத்தினான்னு. உங்க அம்மா அதை வாங்கி மடியில கட்டிக்கிட்டாங்க. நான் பார்த்துட்டே இருந்தேன்.

… ஈரம் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அதை வெச்சு நான் தப்பிக்கப் பார்க்கல. எர்த்து ஒழுங்கா இருந்திருந்தா அவன் குளத்துல நின்னு வாசிச்சிருந்தாலும் இறங்கி வந்திருப்பான். அவ்வளவுதான் கணக்கு.

…

பிரியா.

… அலோ, பிரியா.

… சரி. ஒண்ணும் சொல்லாத. நீ மூச்சு விடறது கேக்குது, போதும்.

…

ம்… ஆமா, நீ என்னா வேணும்னாலும் கூப்பிடு… கேக்கறேன்… கேக்கறேன். மூஞ்சியில காறித் துப்பணும்னா நாளைக்கு வந்து நிக்கறேன்… ம்.

… சரணமா? இப்பவா… இருக்குது. சொல்றேன். எழுதிக்கறியா… வேணாமா. சரி. பாட வராது எனக்கு, சும்மா சொல்றேன்.

"காலு ரெண்டும் எரியுதுன்னேன்,
கதவு திறந்து தண்ணி வந்தது.
கடலு முழுக்கத் தேடிப் பார்த்தேன்,
சொம்பு ஒண்ணுல இனிப்பு இருந்தது."

…

ஆமா. உங்க அம்மாதான். அன்னிக்கு மே மாச வெயில்ல பாத்தியில இருந்து வெடிச்ச காலோட வந்தான். வாசல்லயே உக்காந்துட்டான். அவங்க நல்ல தண்ணி ஊத்தினாங்க. அதுல வந்த வரி. நாலு மாசமா வராதது அந்த ஒரு சொம்புல வந்துடுச்சுன்னு சொன்னான். அவங்க அந்தச் சொம்பைப் பரண்ல போட்டு வெச்சிருக்காங்க. அந்தச் சொம்புக்கு அவன் பாட்டு எழுதிட்டுப் போயிருக்கான்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல.

அழு. ஆனா தொண்டையைக் கெடுத்துக்காத, ஆறரைக்குப் பாடணும்.

… என்னா… இப்பவா.

வேணாம், பிரியா. போன்ல வேணாம். நாளைக்கு நேர்ல… இல்ல, தள்ளிப் போடல… தள்ளித்தான் போடறேன், சரி. இருந்தாலும் ஷோ முடியட்டும், அவங்க… குடுத்துட்டியா. பிரியா, இரு…

…

அம்மா. நான்தான்மா, சீலன். நல்லா இருக்கேன்… இல்லம்மா, இன்னும் சாப்பிடல. இதோ, தூக்கு பக்கத்துலயே இருக்குது… காரக்குழம்பு… தோளா? யாரு சொன்னது, பிரியாவா. அது கிடக்குதும்மா. ராத்திரி நல்லெண்ணெய் சூடு பண்ணித் தடவிக்கறேன்… சரி… சரி, வெந்நி ஒத்தடம் குடுக்கறேன்.

அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தத் திருவிழா அன்னிக்கு…

… இல்லம்மா, உங்களை அழ வைக்கறதுக்கு இல்ல. கொஞ்சம் கேளுங்க. அந்தச் சொம்பு…

…

இல்லம்மா…

… நீங்க எதுக்கும்மா என்கிட்ட… அப்படிச் சொல்லாதீங்க. உங்க மேல எனக்கு என்னாம்மா கோவம்… விடுங்கம்மா. எத்தனை தடவை கேப்பீங்க… சரி… சரிம்மா, மன்னிச்சேன். மன்னிச்சுட்டேன். அழாதீங்க.

… துடைங்க. பிரியா காலை நல்லாத் துடைங்க. விரல் இடுக்கெல்லாம் துடைச்சு விடுங்க… வர்றேம்மா. திருவிழாவுக்கு வர்றேன்… ம். குடுங்க அவகிட்ட.

…

சொல்லலை.

… நீ பக்கத்துலதானே நின்னே. கேட்டேல்ல. மன்னிச்சேன்னு சொன்னேன். நான், அவங்களை… ஆமா. கோழைதான். அதை விடக் கேவலமா ஒரு பேரு இருந்தா அதையும் சொல்லு.

இல்ல, நீ சொல்லிடாத. நீ சொன்னா பொண்ணு சொன்ன ஆறுதல்னு தள்ளி வெச்சிடுவாங்க. கம்பியைப் பிடிச்ச கைதான் வந்து சொல்லணும்… எப்பன்னு கேக்கறியா. பஸ் ஏறறேன்னு சொன்னா நீ நம்புவியா. என்னை நானே நம்பல.

தம்பி போனைக் கேக்கறானா… குடுத்துடு, குடுத்துடு. நீ பாடு. ரெண்டாவது சரணம் வர்றப்ப அவங்களைப் பார்த்துப் பாடு. தாளம் ஞாபகம் வெச்சுக்க, ரெண்டு குட்டை, ஒண்ணு நீட்டம்.

… ஆமா, பாக்கிதான். இல்லன்னு சொல்லல. உங்க தண்ணி உங்க பிள்ளையைக் கொல்லல, நான் பிடுங்காம விட்ட கம்பிதான் கொன்னுச்சுன்னு உங்க அம்மாகிட்ட சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை. ஆறு வருஷமா அவங்களுக்கு நான் பாக்கி. இன்னிக்கும் குடுக்கல.